தனிக்கு முந்தைய இரண்டு மணி நேரம்: வேனில் பந்தலில் மிருதங்கத்தை மதிப்பிடுவது

பாட்டு நின்று தாளக்கருவி மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து பந்தல் முழுவதும் கைதட்டும்போதுதான் பேனாவின் மூடியைத் திறக்கும் நடுவர், மிருதங்கக்காரரின் வாசிப்பில் பெரும்பகுதியைக் கோட்டைவிட்டவர் என்றே நான் கருதுகிறேன். மூன்று மணி நேரக் கச்சேரியில் தனிக்கு ஒதுங்குவது பொதுவாகப் பத்து நிமிடம், தாராளமான பாடகராக இருந்தால் இருபது நிமிடம். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் அந்த வாசிப்புக்குத் தனியாகக் கைதட்டல் கிடையாது. அது நன்றாக அமைந்துவிட்டால் பாட்டு நன்றாக இருந்தது என்று பாடகருக்குப் பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

பெங்களூருவில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் சித்திரையை ஒட்டி எழுகிறது. சென்னைக்கு மார்கழி எப்படியோ, அப்படி இந்த நகரத்துக்கு ராமநவமி. 1930-களின் இறுதியில் எஸ்.வி. நாராயணசாமி ராவ் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் விழா சாமராஜபேட்டையில், கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில், ஏறத்தாழ ஒரு மாத காலம் நடக்கிறது. அதைச் சுற்றி மல்லேஸ்வரம், ஜெயநகர், பசவனகுடி, அல்சூர் எனப் பல பேட்டைகளில் சிறு சபைகளும் கோயில்களும் தங்கள் பங்குக்கு ஒரு வாரமோ பத்து நாளோ கச்சேரி வைக்கின்றன. பானகமும் நீர்மோரும் எல்லா இடத்திலும் உண்டு. நாம் வடைப்பருப்பு என்பதை இங்கே நம் வீடுகளிலும் கோசம்பரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சிறு சபைகளில் சில, மாலைப் பெரிய கச்சேரிக்கு முன்னால் இளங்கலைஞர்களுக்கு ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கொடுத்து, பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றுக்கும் தனித்தனியே பரிசும் தருகின்றன. மிருதங்கம் ஓரளவு கற்று, மேடையேறும் துணிவு வராமல் நின்றுவிட்ட நான் அப்படியொரு சபையில் சில கோடைகள் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் ஆண்டு என் கையில் தரப்பட்ட தாளில் தனி ஆவர்த்தனத்துக்கு ஐம்பது மதிப்பெண்ணும், பாட்டுக்கு வாசிப்பதற்குப் பத்து மதிப்பெண்ணும் இருந்தன. மேடைத் தோற்றத்துக்கும் பத்து இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தாளின்படி கூட்டிப் பார்த்து நாங்கள் பரிசு கொடுத்த பையன், பாடிய பெண்ணைக் கச்சேரி முழுவதும் விரட்டிக்கொண்டே போனவன். தோற்ற பையன், மெதுவாக நடக்கும் ஒரு சௌக்கக் கிருதியை அங்குல அங்குலமாகத் தாங்கியவன். அன்றிரவு வீடு திரும்பும் வழியில் சக நடுவரான பெரியவர், "கணக்கு வாத்தியாருக்குப் பரிசு கொடுத்துட்டு வந்துட்டோம், தம்பி" என்றார். தாளில் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு எடை என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எடை போடும் முன் எதை எடை போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். மிருதங்கம் வெறும் தாளக் கருவியாக இருந்தால் வேலை எளிது. அதற்குச் சுருதி உண்டு; அந்தச் சுருதி எங்கிருந்து வருகிறது என்பதை அறிவியல் முறையில் விளக்கியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்த சி.வி. ராமன்தான். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத்தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்துக்கு 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் அமைவதால் காதுக்கு ஓசை மட்டுமே கேட்கும், சுரம் கேட்காது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் நடுவே அப்பியிருக்கும் கரணை, அதாவது சோற்றோடு கல்பொடியைக் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கறுப்பு வட்டம், அந்த மேற்சுரங்களை 2, 3, 4, 5 என்ற முழு எண் மடங்குகளுக்கு இழுத்துவந்து நிறுத்துகிறது. 1934-இல், அவரே பெங்களூருவில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் இதை அவர் விரிவாக எழுதினார். கருவியைச் செய்தவர்கள் பல தலைமுறைகளாகக் கையாலும் காதாலும் கண்டுவைத்திருந்ததற்குக் கிடைத்த கணக்கு அது. நடுவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது: மீட்டு, சாப்பு என்னும் நாத அடிகள் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கவில்லை என்றால், விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது பாதி வாசிப்புதான்.

ஆனால் சுருதி விலகினால் உடனே மதிப்பெண்ணைக் குறைத்துவிடக் கூடாது, ஏனெனில் வேனிற்காலப் பந்தலில் சுருதியை நிர்ணயிப்பவர் வாசிப்பவர் மட்டும் அல்லர். காய்ந்த காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஈரக்காற்றில் தளர்ந்து இறங்கும். பெங்களூருவின் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போன ஊர் இது; பகலெல்லாம் காய்ந்துவிட்டு, மாலை ஐந்தரை மணிக்கு இடி இடித்து மாங்காய் மழை கொட்டும். மூன்று பக்கமும் திறந்த பந்தலில், கச்சேரித் தொடக்கத்து வர்ணத்தின்போது கச்சிதமாகச் சேர்ந்திருந்த வலந்தலை, மழைச்சாரல் அடித்த கால் மணி நேரத்தில் தொங்கிவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்போது பார்க்க வேண்டியது, அவர் அதை எப்போது கண்டுகொள்கிறார், எப்படிச் சரிசெய்கிறார் என்பதைத்தான். கைதேர்ந்தவர் ஆலாபனை நடக்கும்போது, மடியிலிருந்து கருவியை அதிகம் அசைக்காமல், சுருதி சேர்க்கும் கல்லையும் புள் என்னும் மரக்கட்டையையும் எடுத்து, தோல் முகமான மூட்டின் ஓரப் பின்னலில் மேலிருந்து இரண்டு தட்டுத் தட்டி, தம்பூராவோடு ஒட்டவைத்து, பாடகர் ஒரு சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வையில் ஒரு விரலால் சரிபார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார். தேறாதவர் பாடகர் உச்சஸ்தாயியில் நின்று இழைக்கும் நேரம் பார்த்து டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருப்பார். இந்த வேறுபாட்டுக்கு என் தாளில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது.

பாடுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துக் கருவியே மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடும் சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம்: ஆண் குரலின் தாழ்ந்த ஒரு கட்டைக்குத் தக்கு சுருதி மிருதங்கம், பெண் குரலின் உயர்ந்த ஐந்து கட்டைக்கு ஹெச்சு சுருதி மிருதங்கம். நீளம் குறைந்த இரண்டாவதில் இடது முகமான தொப்பியின் கும்கி, அதாவது உருண்டு எழும் அடித்தொனி, அவ்வளவு ஆழமாக விழாது. பெண் பாடகருக்கு வாசித்த பையனின் தொப்பி 'கனம் போதவில்லை' என்று எழுதிய நடுவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது மைக். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், கச்சேரியில் ஒலிபெருக்கியே கூடாது என்று வாதிட்டவர். இன்றைய திறந்தவெளிப் பந்தலில், கே.ஆர். மார்க்கெட் பக்கத்துப் பேருந்துகளின் ஹார்னுக்கு நடுவே, அந்த வாதம் நடைமுறைக்கு வராது. ஆனால் அவருடைய அச்சம் பொய்யாகவில்லை. வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்து, ஒலிக்கலவைப் பெட்டிக்காரர் தொப்பியின் அடித்தொனியைத் தூக்கிவிட்டால், சாதாரணக் கும்கியும் சிங்கம் உறுமுவதுபோல் வரும், சபையும் மயங்கும். விரல் நுனியால் வாசிக்கும் மெல்லிய அடிகளோ எங்கோ கரைந்துவிடும். ஆகையால் நடுவர் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது. மேடைக்கு நெருக்கமாக, மிருதங்கத்தின் வலந்தலைப் பக்கம் மூன்றாவது நான்காவது வரிசையில் உட்கார்ந்தால் தோலின் ஓசையும் காதுக்கு வரும், பெட்டியின் ஓசையும் வரும், இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். பரிசுக் கச்சேரிகளில் நடுவர்களுக்கு வழக்கமாகப் போடும் முன்வரிசை சோபா பெரும்பாலும் பெட்டியின் வாயிலேயே இருக்கிறது.

இனி, பாட்டுக்கு வாசிப்பது. இதை அளக்க முடியாது, சுவைக்கத்தான் முடியும் என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அளக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன, முதலாவது காலப்பிரமாணம், அதாவது வேகம். பல்லவி தொடங்கியதும் கைக்கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து நான்கு ஆவர்த்தனங்களுக்கு, அதாவது தாளச் சுற்றுகளுக்கு, எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடகர் அங்கேயே புனைந்து பாடும் கற்பனைச் சுரம் முடியும்போது ஒருமுறை, தனி முடிந்து பாடகர் மீண்டும் பல்லவியை எடுக்கும்போது ஒருமுறை குறியுங்கள். இளைஞர்களில் பெரும்பாலோரின் கணக்கு மூன்றாவது முறை சுருங்கியிருக்கும். தனியில் பொறி பறக்க வாசித்தார் என்று நாம் வியந்ததில் எவ்வளவு திறமை, எவ்வளவு காலம் ஓடியதன் கிறுகிறுப்பு என்று அப்போது தெரிந்துவிடும். பாடகர் தனிக்குப் பின் அதே பல்லவியைப் பாட மூச்சுத் திணறினால், அந்தத் தனிக்கு விலை கொடுத்தவர் அவர்தான்.

இரண்டாவது, பாட்டின் உடலை அவர் அறிந்திருக்கிறாரா என்பது. பல்லவி வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில் முதல் இரண்டுக்கு ஒதுங்கி நின்று, கணக்கில்லாமல் இயல்பாக ஓடும் சர்வலகுவாக நடத்திவிட்டு, சங்கதி ஏற ஏறத் தானும் அடர்த்தியைக் கூட்டி, அனுபல்லவி மேலே போகும்போது தொப்பியைத் திறந்து, சரணத்தில் சாகித்யம் தனியே நிற்கும் இடத்தில் கையை மடக்கிக்கொள்ளும் வாசிப்பை ஒரு வரைபடமாகவே போட்டுவிடலாம். இதை இருபதாம் நூற்றாண்டில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் மணி ஐயர் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. அதே காலத்தில் பழநி சுப்பிரமணியப் பிள்ளை சர்வலகுவின் தெளிவாலும் தொப்பியின் நாதத்தாலும் வேறொரு வழியைக் காட்டினார். தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நாம் சொல்லும் இரண்டு பாணிகளின் முகங்களாக அவர்கள் ஆகிவிட்டதால், இன்றும் நடுவர் எந்த வீட்டில் கற்றாரோ அந்த வீட்டின் காதோடுதான் வருகிறார். புதுக்கோட்டை வழியில் கற்ற எனக்குத் தொப்பி பேசாத வாசிப்பு சப்பென்று தோன்றும்; அது என் வளர்ப்பு, வாசிப்பவரின் குறை அன்று. அதனால் தாளின் மேல் மூலையில் என் குருவழியை எழுதிவைத்துவிட்டே நான் தொடங்குகிறேன், மற்ற நடுவர்களும் அப்படி எழுதினால் பின்னால் நடக்கும் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

பழநி இடக்கைப் பழக்கம் உள்ளவர். மேடையில் மற்ற மிருதங்கக்காரர்கள் உட்காரும் பக்கத்தில் அவர் உட்கார முடியாது, வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு இணங்காதவர்கள் இருந்தார்கள் என்பதும், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார் என்பதும் சங்கீத உலகம் அறிந்த செய்தி. 'மேடைத் தோற்றம்' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

தனிக்கு வருவோம். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. மிருதங்கக்காரரின் சொந்தக் கற்பனை வெளிப்படும் இடம் அதுதான். சிக்கல் என்னவென்றால், கணக்கைக் கேட்டு மயங்குபவர்களும் கணக்கே வேண்டாம் என்பவர்களும் பெரும்பாலும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கணக்கிட்டு அமைத்த முடிப்புச் சொற்கட்டுக்குக் கோர்வை என்று பெயர்; சின்னதாக ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஆதி தாளம், எண்ணிக்கைக்கு ஒரு தட்டு விழும் ஒரு களை, எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு 4 மாத்திரையாக ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் அடியான சமத்திலிருந்து அரை இடம் தள்ளி, அதாவது 2 மாத்திரை கழித்து. கோர்வையின் முதல் பகுதி 'தகதிமிதகிட, தகதகிட, தகிட' என்று 7, 5, 3 ஆகக் குறுகி வருகிறது, பசுவின் வால்போலச் சிறுத்துக்கொண்டே போகும் கோபுச்ச யதி, கூட்டினால் 15. இரண்டாம் பகுதி 'ததிங்கிணதொம்' மூன்று முறை, இடையில் கார்வையாக இரண்டு மாத்திரை இடைவெளி: 5, 2, 5, 2, 5, ஆக 19. மொத்தம் 34. சமத்தில் தொடங்கி ஒருமுறை வாசித்தால் அடுத்த ஆவர்த்தனத்தின் எடுப்பில் நேராக வந்து இறங்கும்.

ஆனால் முத்தாய்ப்புக் கோர்வையை மூன்று முறை வாசிப்பதுதான் மரபு. மூன்று முறைக்கு 102 மாத்திரை. சமத்தில் தொடங்கினால் எடுப்பைத் தாண்டி, சமத்திலிருந்து ஒன்றரை இடம் தள்ளிப் போய் விழும். எனவே எட்டாவது எண்ணிக்கையில் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் முதல் தடவை சமத்துக்கு அரை இடம் முன்பு முடியும், இரண்டாவது தடவை சமத்திலேயே முடியும், மூன்றாவது தடவை சமத்துக்கு அரை இடம் பின்பு, சரியாக எடுப்பில் முடியும். தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள், அந்த அழகு உடனே கைக்குத் தெரியும். சபை ஏமாறுவதும் அந்த இரண்டாவது தடவையில்தான்: தொம் முடிந்து சமம் வந்ததும் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டல் கிளம்பும். அந்தக் கைதட்டலுக்கு நடுவே மூன்றாவது தடவையை, கார்வைகளின் இரண்டு மாத்திரையைத் துளியும் விழுங்காமல், அதே காலத்தில் நடத்திக்கொண்டு போகிறவர் லயத்தில் நிற்பவர். பரபரப்பில் கார்வை சுருங்கினால் கோர்வை எடுப்புக்கு முன்பே முடிந்துவிடும். அதை மறைக்க ஒரு சாப்பைச் சேர்த்து ஒட்டுவார்கள். வயலின்காரரின் புருவம் உயர்வதைப் பார்த்துத்தான் பாதி நடுவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதைவிடக் கடினமான கணக்குகளைக் கொண்டுவரும் இளைஞர்கள் பெங்களூருவில் ஏராளம். டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் போன்ற இடங்களில் லயத்துக்கென்றே பயிற்சி நடந்த ஊர் இது. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் ஐந்து நடையும் சரளமாக வரும். ஆனால் எழுதிவைத்துப் பாடம் பண்ணிய கோர்வைக்கும் மேடையில் பிறந்ததற்கும் உள்ள வேறுபாடு தெரிய வேண்டுமானால் தனியில் தேடக் கூடாது. பாடகர் கற்பனைச் சுரத்தின் முடிவில் தாமே ஒரு கோர்வையைக் கட்டும்போது, அதன் முதல் பகுதியைக் கேட்டதும் மிச்சத்தை ஊகித்து மூன்றாவது சுற்றில் கூடவே விழுகிறாரா என்று பாருங்கள். அதை ஒத்திகை பார்த்துவிட்டு வரவே முடியாது.

கடமும் கஞ்சிராவும் உடன் இருந்தால் மதிப்பீடு இன்னும் சிக்கலாகும். கஞ்சிரா மரபாக உடும்புத் தோல் போர்த்தியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அந்தத் தோலுக்குத் தடை வந்தபின் ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் பலர் மாறியிருக்கிறார்கள். தோல் கஞ்சிராவின் உட்புறம் நீர் தெளித்துத்தான் சுருதியை இறக்க வேண்டும். கோடையில் அந்த ஈரம் சில நிமிடங்களில் உலர்ந்து, உறுமிய வாத்தியம் தகரம்போல் கத்தத் தொடங்கும். தனியில் மிருதங்கக்காரர் தன் முறையை ஆறு ஆவர்த்தனத்துக்கு இழுத்தால், பக்கத்தில் இருக்கும் கஞ்சிராக்காரர் மடியில் வைத்த கருவி காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அவர் சின்னப் புட்டியை எடுப்பதை ஓரக்கண்ணால் பார்த்துத் தன் முறையைச் சுருக்கி, அவருக்குத் தோல் பதமாகும் வரை சர்வலகு வாசித்துக் காத்திருந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அன்று தனிக்கான முழு மதிப்பெண்ணையும் அவளுக்கே கொடுத்தேன். பெண்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: இந்த ஊரில் வாழும் சுகன்யா ராம்கோபால் கடத்தில் முன்னோடியாக வழி திறந்து பல ஆண்டுகள் ஆனபின்பும், பெண் வாசித்தால் 'பெண்ணுக்கு நல்ல பலம்' என்று எழுதும் நடுவர் இன்னும் இருக்கிறார். ஆணுக்கு அந்தக் குறிப்பை அவர் எழுதுவதில்லை.

இரண்டு பேரை ஒப்பிடுவதுதான் இவற்றில் எல்லாம் கடினம். ஒருவருக்கு மெதுவான இரண்டு களை ஆதியில் பெரிய கிருதிக்குப் பின் பதினைந்து நிமிடம் கிடைக்கிறது. இன்னொருவருக்கு, முன் கச்சேரி நீண்டுவிட்டதால், ஐந்து எண்ணிக்கைச் சிறு தாளமான கண்ட சாப்பில் ஐந்து நிமிடம், அதுவும் செயலாளர் திரைக்கருகே வந்து நின்று மணியைப் பார்க்கும்போது. அந்த ஐந்து நிமிடத்தில் தான் தயாரித்து வந்ததை எல்லாம் திணிக்காமல், ஒரே ஒரு கருத்தை எடுத்து, இரண்டு சுற்று விரித்து, படிப்படியாகச் சுருக்கும் குறைப்பில்லாமலே, முடிப்புச் சொற்கட்டுகளான மோராவுக்கும் கோர்வைக்கும் போய் முடிக்கத் தெரிந்தவரை நான் மேலே வைப்பேன், மற்ற நடுவர்கள் எப்போதும் உடன்பட்டதில்லை.

தனி முடிந்ததும் பந்தலில் பாதி நாற்காலி காலியாகும். மெட்ரோவுக்கும் கடைசிப் பேருந்துக்கும் ஓடுகிறவர்கள், மோர்ப் பந்தலுக்குப் போகிறவர்கள். நடுவர்களும் அப்போது கூட்டல் போடத் தொடங்குவார்கள். நான் தாளை மூடுவதில்லை. பாடகர் ஒரு விருத்தம் எடுப்பார். தாளம் கிடையாது, மிருதங்கத்துக்கு வேலை இல்லை. சற்றுமுன் பந்தலையே அதிரவைத்த கை மடியில் சும்மா கிடக்க வேண்டும். விருத்தத்தின் கடைசி வரி இழைந்து, மூச்சு விடும் இடைவெளி கூட இல்லாமல் அதே ராகத்தில் பாட்டு தொடங்கும். எந்தத் தாளம், எந்த இடம், என்ன காலம் என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாடகரின் வலது கை தொடையில் விழும் விதத்தைப் பார்த்து, முதல் அடியை எங்கே, எவ்வளவு மெல்லப் போடுகிறார் என்பதற்காக ஒரு கட்டத்தை அதுவரை காலியாக வைத்திருப்பேன்.